தப்பான விடைக்கும் ஒரு கணக்கு உண்டு

ஆசிரியர் பயிற்சி முடித்த யாரிடமும், குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜேயின் பெயரை ஆரம்பித்தால் போதும், அவர் சொன்ன நான்கு வளர்ச்சி நிலைகளையும் கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து 2 வயது வரை புலன் இயக்க நிலை, 7 வரை மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை, 11 வரை கண்ணால் பார்க்கும் பொருள்களை வைத்து யோசிக்கும் பருப்பொருள் நிலை, அதற்கப்புறம் முறையான சிந்தனை. தேர்வுக்கு இவ்வளவு போதும். தேர்வு முடிந்த பிறகும் மனதில் நிற்பது இந்த வயது அட்டவணை மட்டும்தான் என்பதுதான் சிக்கல். அதைக் கையில் வைத்துக்கொண்டு "இந்த வயசுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இதே அட்டவணையைக் காட்டி, குழந்தையை அடுத்த நிலைக்குச் சீக்கிரம் ஏற்றிவிடுகிறோம் என்று வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். நிலைகளை வேகப்படுத்த முடியுமா என்று தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதற்கு பியாஜே "அமெரிக்கக் கேள்வி" என்றே பெயர் வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை.

எனக்கு அவரிடம் பிடித்தது அட்டவணை இல்லை, அதற்கு அவர் வந்து சேர்ந்த வழி. 1896-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், முதலில் ஆராய்ந்தது நத்தை, சிப்பி வகைகளை, முனைவர் பட்டமும் அதில்தான். பிறகு பாரிஸில் ஒரு வேலை கிடைத்தது. குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனைக் கேள்விகளைத் தரப்படுத்தும் வேலை. சரி, தப்பு என்று குறித்து, கூட்டிப் போட்டால் முடிந்தது. ஆனால் இவர் கண் தப்பான விடைகளின் மேல் போனது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியாகத் தப்பு செய்கிறார்களே, இது கவனக்குறைவாக இருக்க முடியாதே என்று தோன்றி, ஒவ்வொரு குழந்தையிடமும் உட்கார்ந்து "எப்படிச் சொல்றே?" என்று கேட்க ஆரம்பித்தார். அவருடைய மொத்தக் கோட்பாடும் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

தண்ணீர் சோதனை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை எடுத்துக் குழந்தையின் கண் முன்னாலேயே ஒல்லியான உயரமான டம்ளரில் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டால், நான்கைந்து வயதுக் குழந்தை உயரமானதைக் காட்டும். பதிலைவிட அது சொல்லும் காரணத்தைத்தான் காது கொடுத்துக் கேட்கவேண்டும்: "இங்கே மேலே வரைக்கும் இருக்கு." உயரத்தைப் பார்க்கிறது, அகலத்தை விட்டுவிடுகிறது. ஓர் அளவை மட்டும் பிடித்துக்கொண்டு யோசிக்கிறது, ஆனால் யோசிக்கத்தான் செய்கிறது.

தோற்றம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயது வரை புரியாது என்று இதை வைத்து முடிவு கட்டியவர்களுக்கு 1970-களில் ஒரு கரடி பொம்மை பதில் சொன்னது. எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் எண்ணிக்கை பற்றிய பியாஜேயின் சோதனையைக் கொஞ்சம் மாற்றினார்கள். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகள். வழக்கமாகப் பெரியவர் ஒருவர் ஒரு வரிசையின் இடைவெளியை மாற்றிவிட்டு, முதலில் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். இங்கே ஒரு குறும்புக்காரக் கரடி திடீரென வந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் போகிறது. இப்போது கேட்டால், 4 முதல் 6 வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். வழக்கமான முறையில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

யோசித்துப் பார்த்தால் குழந்தையின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு பெரியவர் நம் கண் முன்னால் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதிலும் மாறவேண்டும் போல என்றுதானே யாருக்கும் தோன்றும்? வகுப்பில் ஆசிரியர் "அப்படியா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றதும் சரியான விடையைச் சொன்ன பிள்ளைகூட மாற்றிச் சொல்லிவிடுவதும் இதே கதைதான். கரடி சோதனைக்கும் மறுப்பு வந்தது. கரடியை வேடிக்கை பார்த்ததில் குழந்தைகள் வரிசையையே கவனிக்கவில்லை, அதனால்தான் "ஒண்ணுதான்" என்றார்கள் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் சரி, கேட்கும் விதம் விடையை மாற்றுகிறது என்பது மட்டும் நின்றுவிட்டது.

வயது மட்டும் கணக்கில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் மிஷலின் சி என்ற உளவியலாளர் 1978-இல் வெளியிட்ட செஸ் ஆய்வு. செஸ் நன்றாக ஆடும் சிறுவர்கள் ஒரு பக்கம், அவ்வளவாக ஆடத் தெரியாத பெரியவர்கள் இன்னொரு பக்கம். பலகையில் காய்கள் இருந்த இடங்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னால் சிறுவர்கள் ஜெயிக்கிறார்கள். எண்களின் வரிசையைக் கேட்டபடியே சொல்லச் சொன்னால் பெரியவர்கள். அதே தலை, அதே வயது, தெரிந்த விஷயம் என்றால் வேறு மாதிரி வேலை செய்கிறது. அப்படியிருக்க, ஒரு குழந்தை "எந்த நிலையில்" இருக்கிறது என்ற கேள்விக்கு எதைப் பற்றி யோசிக்கும்போது என்று திருப்பிக் கேட்காமல் எப்படிப் பதில் சொல்வது?

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கிக்கு வருவோம். அவரும் 1896-இல் பிறந்தவர்தான், ஆனால் காசநோயில் 37 வயதிலேயே போய்விட்டார். அவர் சொல்லும் உதாரணம் ஒன்று. பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், சோதனையில் இருவரும் எட்டு வயது அளவுக்குத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் வழி காட்டினால், முதல் அடியை எடுத்துக் கொடுத்தால், ஒருவர் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கு வரை போய்விடுகிறார், இன்னொருவர் ஒன்பதோடு நின்றுவிடுகிறார். மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒன்று. ஒரு பிள்ளை தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் உள்ள இடைவெளிக்கு அவர் வைத்த பெயர்தான் நம் புத்தகங்களில் அண்மை வளர்ச்சி மண்டலம். இதையும் வரையறையாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம், அது வேறு. தனியாக உட்கார வைத்து, உதவியே இல்லாமல் எழுத வைக்கும் தேர்வு அந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது என்பதுதான் விஷயம்.

இதெல்லாம் வகுப்பறையில் எப்படி இருக்கும் என்றால் ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 52-இல் 27 போனால்? பிள்ளை 35 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அடுத்தது, 70-இல் 48. விடை 38 என்கிறது. இன்னொரு குறி. 86-இல் 31 என்றால் 55, சரி. மூன்றுக்கு ஒன்று, "கவனம் தேவை" என்று குறிப்பெழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பார்க்காமல். 2-இல் 7 போகாது, சரி, 7-இல் 2 போனால் 5. "சின்னதிலிருந்து பெரியது போகாது" என்று நாம் முன்பு சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கடன் வாங்காத கணக்குகளில் இந்த விதி எப்போதும் சரியான விடையைத் தந்துவிடும் என்பதால், அதைச் சந்தேகப்பட அதற்குக் காரணமே இருந்திருக்காது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபது முறை அதே விதியைப் பழகும். பத்துகளாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுத்து 52-ஐ அடுக்கச் சொல்லி, அதிலிருந்து 27-ஐ எடுக்கச் சொன்னால் ஒரு கட்டைப் பிரிக்காமல் முடியாது, அங்கேதான் அதன் விதி முட்டிக்கொள்ளும்.

முட்டிக்கொள்ளவேண்டும், அதுதான் முக்கியம். வெறுமனே சரியானதைச் சொல்லிவிட்டால் குழந்தை அதைத் தன் பழைய எண்ணத்தோடு ஒட்டவைத்துக்கொள்ளும். ஸ்டெல்லா வோஸ்னியாடோவும் வில்லியம் புரூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளிடம் பூமியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பூமி உருண்டை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் இருக்கிறது. ஆனால் சிலருடைய பூமி தட்டு மாதிரி வட்டம். சிலருடையது உள்ளே வெற்றிடமாக உள்ள உருண்டை, நாம் அதற்குள்ளே தட்டையான தரையில் நிற்கிறோம். "பூமியின் வடிவம் என்ன?" என்று தேர்வில் கேட்டால் இவர்கள் எல்லோருமே "உருண்டை" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்!

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒவ்வொருவரிடமும் வேண்டாம். திருத்தும்போது திரும்பத் திரும்ப வரும் ஒரு தப்பு விடையை மட்டும், யாருடையது என்று சொல்லாமல், மறுநாள் பலகையில் எழுதி "இதைப் போட்டவர் எப்படி யோசிச்சிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். 35-ஐ எழுதிப் போட்டால் பத்து நிமிஷம் போகும், அன்றைக்குப் பாடம் கொஞ்சம் பின்தங்கும்.