வாரத்துக்கு நாற்பது

பிரிட்ஜ் கதவில் நான் ஒட்டியிருந்த தாளை அம்மா நிதானமாகப் படித்தார். செவ்வாய் 6, புதன் 8, வியாழன் 5, வெள்ளி 7, ஞாயிறு 14. சனியும் திங்களும் ஓய்வு. அரை மாரத்தானுக்கான கிலோமீட்டர் கணக்கு.

"மொத்தம் நாப்பதாடா?"

"ஆமாம்மா."

"அத ஞாயித்துக்கிழமையே ஒரேயடியா ஓடித் தொலைச்சிட்டா, மத்த நாள்ல மாவாச்சும் அரைச்சுக் குடுக்கலாம்ல?"

மூச்சு சீக்கிரம் பழகிவிடும், தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும், அதனால்தான் பிரித்துப் பிரித்து ஓடுவது என்றேன். ஏழு நாள் சோற்றை ஒரே பந்தியில் தின்ன முடியுமா என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையே ஞாயிற்றுக்கிழமைகளில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார், ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார் என்று கதை வேறு சொன்னேன்.

"800 மீட்டர்னா நம்ம ரேஷன் கடைத் தூரம். அதுக்கு நீ வண்டியிலதான போற?"

நான் ஓடுவது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. மகால் கட்டத் திருமலை நாயக்கர் மண் எடுத்த பள்ளம் என்பார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமைக்கு 12 சுற்று. வாரத்தில் பெரும்பாலான தூரத்தைப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். மதுரையில் அதில் ஒரு சிக்கல், எல்லோரும் பேசுவார்கள். நடைக்கு வரும் பெரியவர்கள் முழங்கால் வலிக்கு மருந்து சொல்வார்கள். டீக்கடைக்காரர் சுற்றுக்கு ஒருதரம் "போடவா?" என்பார்.

மாரியம்மன் கோயில் வாசல் பூக்கார அப்பத்தா ஒருநாள் மறித்தே விட்டார்.

"வீட்ல யாருக்குப்பா முடியல?"

"எல்லாரும் நல்லாருக்காங்க அப்பத்தா."

"பெறகு எதுக்கு இத்தன சுத்து?"

"மாரத்தானுக்கு அப்பத்தா."

"மாரியாத்தாவுக்கா? நல்லாரு. ஆத்தா குடுப்பா."

அன்றிலிருந்து என் சுற்றுகளை அவர்தான் எண்ணுகிறார். கையில் கட்டியிருக்கும் கடிகாரமாவது மரத்தடியில் கொஞ்சம் தடுமாறும். அப்பத்தா தடுமாறியதே இல்லை.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, கால் தேறுவதற்காகத் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். ஐந்து சுற்றோடு நின்று தண்ணீர் குடித்தேன்.

"என்னப்பா, பன்னெண்டு எங்க?"

"இந்த வாரம் கொறைச்சுக்கணும் அப்பத்தா."

"நேந்துக்கிட்டதுல கொறைப்பாகளா?"

பயந்துபோய் இன்னொரு சுற்று ஓடினேன். அப்போதும் அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "ஆறு பாக்கி. அடுத்த ஞாயித்துக்கிழமை பன்னெண்டோட சேத்து முடிச்சிரு."

பதினெட்டுச் சுற்று, 21.6 கிலோமீட்டர். அடுத்த ஞாயிறுதான் பந்தயம். அதன் தூரம் 21.1.