ஸ்டென்ட்டா, பைபாஸா: அதற்கு முன் பார்க்க வேண்டியவை

காலையில் சாப்பிட்டது மாலையில் செரிக்காமல் வாந்தியாக வருகிறது. அதில் பித்தத்தின் பச்சை இல்லை. வயிற்றை அசைத்தால் நீர் தளும்பும் ஓசை கேட்கிறது. கணையத் தலையிலோ இரைப்பையின் கீழ்முனையிலோ வளர்ந்த புற்று வழியை அடைத்திருக்கும் என்று சந்தேகிக்க இவ்வளவு போதும். "ஸ்டென்ட் வைப்பீர்களா, ஆபரேஷனா?" என்று வீட்டார் உடனே கேட்பார்கள். ஸ்டென்ட் என்பது அடைப்பை விரித்துத் திறந்துவைக்கும் உலோக வலைக்குழாய்; ஆபரேஷன் என்பது அடைப்பைத் தாண்டி வேறு வழி அமைக்கும் பைபாஸ். நியாயமான கேள்வி. ஆனால் பதிலுக்கு முன் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை அவசரத்தில் தாண்டிவிட்டால், எந்த வழியைத் தேர்ந்தாலும் நோயாளிதான் விலை கொடுக்கிறார்.

நாள்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடலிலிருந்து அமிலமும் குளோரைடும் போயிருக்கும். பொட்டாசியம் இறங்கி, ரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். 0.9 சதவீத சலைன் ஏற்றி, சிறுநீர் நன்றாக இறங்குவதைப் பார்த்துப் பொட்டாசியம் சேர்க்க வேண்டும். குளுக்கோஸ் கொடுப்பதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி கட்டாயம். பட்டினியில் வாடிய உடலுக்கு அது இல்லாமல் சர்க்கரை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப் 16 அல்லது 18 ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அலகு) அளவாவது இருக்கட்டும். மெல்லிய குழாய் சோற்றுப் பருக்கையில் அடைத்துக்கொள்ளும். டியூப் போட்டும் இரைப்பை முழுவதும் காலியாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. எண்டோஸ்கோபியின்போது மிச்ச உணவு மேலேறி நுரையீரலுக்குள் போவதுதான் இந்தச் சிகிச்சையின் மிகக் கொடிய விபத்து. மூச்சுக்குழாயில் டியூப் போட்டுக் காற்றுப்பாதையைக் காத்த பிறகே தொடங்குவது நல்லது.

அடுத்தது சி.டி. ஸ்கேன். புற்றை அகற்றவே முடியுமென்றால் பேச்சே வேறு. முடியாதென்றால் மூன்றைப் பார்க்க வேண்டும்: அடைப்பு ஓரிடத்திலா, பல இடத்திலா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, பித்தநாளமும் அடைபட்டிருக்கிறதா. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் உலோக வலை உட்கார்ந்துவிட்டால், அங்கே திறக்கும் பித்தநாளத்தின் வாயை எண்டோஸ்கோப்பால் பிறகு எட்டுவது மிகக் கடினம். மஞ்சள் காமாலை இருந்தாலும், வரப்போவது தெரிந்தாலும், முதலில் பித்தநாளத்தைத் திறந்துவிட வேண்டும்.

குடல் ஸ்டென்ட் நிட்டினால் (நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம்) கம்பியால் பின்னியது. விரிந்தபின் அகலம் சுமார் 20 மி.மீ. எண்டோஸ்கோப்பின் உள்வழியாகவே போகும். அந்த வழி 3.7 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடைப்பின் இரு பக்கமும் சுமார் 2 செ.மீ. நீளும்படி அளவு எடுக்கிறோம். குட்டையாக வைத்தால் ஓரத்தில் புற்று மூடிவிடும். உறையில்லாத வலைக்குள் புற்று வளர்ந்து நுழையும். உறையுள்ளது நழுவி இறங்கும். இரண்டுக்கும் நடுவே குறையில்லாத ஒன்று இல்லை. வலை முழுதாக விரிய ஓரிரு நாள் ஆகும். அதுவரை நீர் ஆகாரம், பிறகு மசித்த உணவு. நாருள்ள கீரையும் பெரிய இறைச்சித் துண்டும் பிறகும் வேண்டாம்.

பைபாஸ், அதாவது இரைப்பையை நடுச்சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை, பழையது; 1881இல் வியன்னாவில் ஆன்டன் வோல்ஃப்லர் செய்தார். இன்று லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள். இணைப்பு சரியாக இருந்தும், நாள்கணக்கில் வீங்கிக் களைத்த இரைப்பை உடனே சுருங்கி வேலை செய்யாது. சில நாள் டியூபோடு காத்திருக்க நேரும். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்கள் சீக்கிரம் சாப்பிட்டார்கள். ஆனால் அறுவைக்குப் பின் பலன் நீடித்தது, மறுசிகிச்சையும் குறைந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் வாழ்வார் என்று தோன்றினால் அறுவை என்பது அவர்கள் முடிவு. அந்த இரண்டு மாதத்தை முன்கூட்டிக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பது நோயாளி அருகில் நிற்பவர்களுக்குத் தெரியும். நான் நாள்காட்டியைவிட, அவர் படுக்கையில் எவ்வளவு நேரம் கிடக்கிறார், கீமோ தாங்குவாரா என்பதையே நம்புகிறேன்.

மூன்றாவது வழி இப்போது வலுப்பெற்றிருக்கிறது: எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டால் பார்த்தபடியே இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவே, இரு சுவரையும் நெருக்கிப் பிடிக்கும் அகன்ற ஸ்டென்ட்டை வைப்பது. அடைப்பைத் தாண்டி மெல்லிய குழாய் செலுத்தி, நீலச் சாயம் கலந்த சலைனால் குடலை உப்பவைத்து, குடலசைவை ஊசியால் அடக்கி, ஸ்டென்ட் கருவியின் சுட்டுத் துளைக்கும் மின்முனையால் ஒரே மூச்சில் நுழைய வேண்டும். வழிகாட்டிக் கம்பியை முதலில் விட்டால் அது குடலைத் தள்ளிவிடும். அப்போது ஸ்டென்ட்டின் அடிவிளிம்பு குடலுக்குள் விரியாமல் வயிற்றறையில் விரிந்துவிடும். வயிற்றில் நீர் அதிகமென்றால் இதைத் தவிர்க்கிறோம். 2024இல் வெளியான ஆய்வில் ஆறு மாதத்துக்குள் மறுசிகிச்சை தேவைப்பட்டவர்கள் இம்முறையில் 4 சதவீதம், முன்சிறுகுடல் ஸ்டென்ட்டில் 29 சதவீதம். கைதேர்ந்தவர் இருக்கும் இடத்தில் எனக்கு இதுவே முதல் தேர்வு. இல்லாத இடத்தில் முயல்வதைவிட, நன்றாகச் செய்யத் தெரிந்த பழைய வழியே பாதுகாப்பு.

ஸ்டென்ட் திறந்திருந்தும் வாந்தி நிற்கவில்லையென்றால் உடனே இரண்டாவது ஸ்டென்ட்டைத் தேட வேண்டாம். கீழே இன்னோர் அடைப்பு இருக்கலாம், வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் குடலை மந்தமாக்கியிருக்கலாம், நரம்புகளில் பரவிய புற்று இரைப்பையை அசையவிடாமல் செய்திருக்கலாம். குடல் பல இடத்தில் அடைபட்டவருக்கு வழி திறக்கும் எந்தச் சிகிச்சையும் பயன் தராது. அவருக்கு வயிற்றுத்தோல் வழியாக இரைப்பையில் வடிகுழாய் பொருத்தலாம்; வயிற்றில் நீர் கோத்திருந்தால் அதை முதலில் வடித்துவிட வேண்டும். மூக்கில் இருக்கும் டியூபை எடுத்துவிடலாம். வாயால் தண்ணீரும் பழச்சாறும் ருசித்துக் குடிக்கலாம். குடித்தது குழாய் வழியே பைக்குள் வடிந்துவிடும்.