பாட்டியின் தோசைக்கல்லில் ஸ்டேக்

போன சனிக்கிழமை அம்மா அப்பாவுக்குக் கல்யாண நாள், நாற்பது வருடம். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு நாள் வந்தால் கோயிலில் அர்ச்சனை செய்வோம், அப்புறம் காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குச் சாப்பிடப் போவோம். அர்ச்சனையை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டோம். ஈப்போ வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மேசையில் துணி விரித்து, வெள்ளைத் தட்டில் ஸ்டேக்கும் உருளைக்கிழங்கு மசியலும் வைத்து, அம்மாவை உட்காரவைத்துப் பரிமாற வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையற்கட்டு வேலைக்குப் போனவர். கிழங்கு உரித்திருக்கிறார், மேசை அடுக்கியிருக்கிறார், தட்டு கழுவியிருக்கிறார். அந்த மேசையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஸ்டேக் என்றால் பெரும்பாலும் கனமாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை, அதனால் ஆடுதான். எந்த ஆடு என்பது முக்கியம். பாசாரில் பாய் கடையில் வாங்கும் வெள்ளாட்டுக் கறி பிரட்டலுக்கும் குழம்புக்கும் அருமையானது, ஆனால் அதில் கொழுப்பு குறைவு, மெதுவாக வேகவைத்தால்தான் பஞ்சு போல வரும். பத்து நிமிடத்தில் கல்லில் சுட்டு எடுக்க ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறையவைத்து வரும் இளம் செம்மறிதான் சரி. பாக்கெட்டில் லேம்ப் சாப் என்று விற்கிறார்களே, நான் வாங்கிப் பார்த்தவரை அது தோள்பகுதி, ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது, மேலே சிவப்பதற்குள் உள்ளே வெந்து இறுகிவிடும். நான் ஒரு முழுத் தொடையை எடுத்து, கடையில் இருக்கும் எலும்பு அறுக்கும் மெஷினில் ஓர் அங்குலக் கனத்துக்கு வெட்டித் தரச் சொன்னேன். நடுவில் வட்டமாக எலும்போடு நாலு நல்ல துண்டு கிடைத்தது, மிச்சத்தைக் குழம்புக்கு வைத்துக்கொண்டேன்.

போன வருடம் முதன்முதலில் செய்தபோது இறைச்சியைக் கழுவி, ஈரத்தோடு அப்படியே கல்லில் போட்டேன். சாம்பல் நிறத்தில், அவித்த கறி மாதிரி வந்தது. மேலே ஈரம் இருந்தால் கல்லின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், அது போகும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நாம் தேடுகிற அந்தப் பொன்பழுப்பு நிறமும் மணமும் நன்றாக எழும்ப 140 டிகிரியாவது வேண்டும். 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிவைத்த வினை இது, புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால் வருவது. வெங்காயம் சிவப்பதிலும் தோசை முறுகுவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

அதனால் இந்த முறை வெள்ளிக்கிழமை இரவே துண்டுகளைத் துணியால் ஒற்றி, இரண்டு பக்கமும் உப்பு தூவி, இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் அடுக்கி, மூடாமல் ஃபிரிட்ஜில் அடித்தட்டில் வைத்தேன். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புத் தண்ணீரே மெதுவாக உள்ளே இறங்கிவிடும். இட்லித் தட்டின் ஓட்டை வழியாக அடியிலும் காற்று பட்டதால் காலையில் தொட்டால் காய்ந்த தோல் போல இருந்தது. நம் ஊர் புழுக்கத்தில் வெளியே வைத்து இறைச்சியைக் காயவைக்க முடியாது, இதற்கு ஃபிரிட்ஜ்தான்.

கிழங்கை நானே செய்வதாகத்தான் இருந்தேன். ஒரு கிலோ ரசெட் கிழங்கு வாங்கி வைத்திருந்தேன், மாவுச்சத்து அதிகம் உள்ளது, மசியலுக்கு அதுதான் நல்லது. நான் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போக, அம்மா வந்து அடுப்பை அணைத்தார். “பச்சத் தண்ணியில போடும்மா. கொதிக்கிற தண்ணியில போட்டா மேல கரைஞ்சிடும், உள்ள கல்லு மாதிரி கெடக்கும்.” அப்புறம் அவர் நகரவே இல்லை. உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து இருபது நிமிடத்துக்கு மேல் வேகவிட்டார், கத்தி நுனி வழுக்கிக்கொண்டு இறங்கியதும் வடித்தார், வடித்த சட்டியையே சின்னத் தீயில் திரும்ப வைத்து ஈரம் போகக் குலுக்கினார். மத்தை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று மாவு சலிக்கும் சல்லடையைக் கேட்டார்.

சல்லடையைக் குண்டானின் மேல் கவிழ்த்து வைத்துச் சூடான கிழங்கைக் கரண்டியின் முதுகால் ஒரே போக்கில் அழுத்தி இழுத்தார். அடியில் இடியாப்பத்தை விடவும் மெல்லிசாக, வெள்ளை வெள்ளையாக விழுந்தது. ஒரு துண்டு, அப்புறம் அடுத்தது, அவசரமே இல்லை. கிழங்கைப் போட்டு அடித்தால் மாவுச்சத்து உடைந்து பசை மாதிரி ஆகிவிடும், மிக்சியில் போட்டால் கட்டாயம் ஆகும், அதைச் சல்லடையில் ஒரு தடவை மட்டும் அழுத்தி எடுத்தால் கட்டியும் இருக்காது பசையும் ஆகாது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மாவின் கை நாற்பது வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறது. முதலில் 150 கிராம் பட்டர், அது கரைந்ததும் சூடாக்கிய இனிப்பில்லாத டின் பால் கொஞ்சம் கொஞ்சமாக. பங்களாவில் ஃபிரெஷ் பால் கிடைக்காத நாளில் டின் பால்தானாம், அந்த வாசனைதான் அவருக்குப் பிடிக்கிறது. சல்லடையின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, “அங்க எங்களுக்கு இதுதான்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

சரி, இறைச்சிக்கு வருகிறேன்.

பாட்டியின் இரும்புத் தோசைக்கல், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். இதற்கு மேல் ஒரு ஸ்டேக் சட்டி யாரும் செய்ய முடியாது என்றுதான் சொல்வேன். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த இறைச்சியைப் போட்டாலும் சட்டென்று ஆறாது. ஒட்டாத பூச்சு போட்ட சட்டியை இவ்வளவு சூடாக்கவும் கூடாது. பெரிய தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஒரு கரண்டி விட்டேன். ஆலிவ் எண்ணெய் வேண்டுமா என்று தங்கை கேட்டாள், தேவையே இல்லை, சுத்திகரித்த செம்பனை எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியும் புகையாமல் தாங்கும். அப்பா இருபது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர், இதைக் கேட்டதும் நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு நேரத்தில் இரண்டு துண்டுதான். நாலையும் போட்டால் கல் ஆறிவிடும், திரும்பவும் அவித்த கறிதான். முதலில் கொழுப்பு ஓரத்தை இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து உருகவிட்டேன், பிறகு படுக்கவைத்து நிமிடத்துக்கொரு முறை திருப்பினேன். திருப்பவே கூடாது என்பார்கள், எனக்கு அடிக்கடி திருப்பினால்தான் உள்ளே ஒரே சீராக வேகிறது. கடைசி நிமிடத்தில் தீயைக் குறைத்து, பட்டரும் நசுக்கிய பூண்டும் போட்டு, குழியில் தேங்கியதை அள்ளி அள்ளி மேலே ஊற்றினேன். பட்டரை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். ரோஸ்மேரி இலை எனக்குக் கிடைக்கவில்லை. கறிவேப்பிலை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன், நல்ல மணம்தான், ஆனால் சாப்பாடு வறுவல் பக்கம் போய்விடுகிறது, அன்றைக்குப் பூண்டு மட்டும் போதும் என்று விட்டேன்.

இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 58 டிகிரியில் இறக்கினேன், மூடி வைத்த எட்டு நிமிடத்தில் அதுவாகவே 63 வரை ஏறியது. அப்பாவுக்கு உள்ளே சிவப்பு தெரிந்தால் ஆகாது. “ரத்தம் அப்படியே இருக்கே” என்றார். அது ரத்தம் இல்லைப்பா, தசையில் இருக்கும் மையோகுளோபின் என்கிற நிறமி தண்ணீரோடு வருவது, ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடும் என்று சொன்னேன். தலையாட்டினார். இருந்தாலும் அவர் துண்டை 70 வரை விட்டுத்தான் எடுத்தேன், அவர் கல்யாண நாள் அல்லவா.

அந்த எட்டு நிமிடத்தில் சாஸ். ஈப்போவில் சீனாவின் ஹைனான் தீவுக்காரர்களின் பழைய காப்பிக் கடைகளில் சாப்புக்கு மேலே ஊற்றித் தருவார்களே, பச்சைப் பட்டாணி போட்டது, அதை மனதில் வைத்துத்தான் செய்தேன். வெள்ளைக்காரர் வீடுகளிலும் கிளப்புகளிலும் சமைத்த ஹைனான் சமையல்காரர்கள் கொண்டுவந்த ருசி அது. கல்லில் ஒட்டியதில் சின்ன வெங்காயம் வதக்கி, ஒன்றிரண்டாக இடித்த சரவாக் மிளகு, எலும்பு வேகவைத்த தண்ணீர் அரைக் கோப்பை, சுண்டியதும் ஒரு துண்டு பட்டர். அவ்வளவுதான்.

மேசையை நான் அடுக்கியிருந்தேன். அம்மா வந்து பார்த்தார், கத்தியின் வாய் தட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று நாலு கத்தியையும் திருப்பி வைத்தார். தட்டுகளை எடுத்துப் போய்ச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துக் கொண்டுவந்தார், ஆறிய தட்டில் வைத்தால் கொழுப்பு உறைந்துவிடுமாம். அதன் பிறகும் உட்காராமல் நின்றார். அப்பாதான் பக்கத்து நாற்காலியை இழுத்து, “உக்காரு” என்றார். உட்கார்ந்தார். முதலில் மசியலைத்தான் எடுத்தார். கிண்ணம் திரும்ப என் பக்கம் வரவே இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ராத்திரி கல்லைச் சோப்பு போடாமல் சுடுதண்ணீரில் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் தடவி வைத்தேன். ஞாயிறு காலையில் முதல் தோசை லேசாக ஆட்டுக்கொழுப்பு மணத்தோடு வந்தது. அப்பா அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.