நமீபியாவில் வேட்டையும் சுருட்டும், கூடவே ஒரு பெரிய பில்லும்

மச்சானுக்குத் துப்பாக்கிப் பித்து, எனக்குச் சுருட்டுப் பித்து. இரண்டும் ஒரே இடத்தில் தீரட்டும் என்று நமீபியா போய்விட்டு வந்தோம். விசா, செலவு, வேட்டை விதிகள் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் டாக்ஸிக்காரர் மேல் உள்ள கடுப்பு இன்னும் ஆறவில்லை. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

ஹோசியா கூட்டாக்கோ விமான நிலையம் தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, பொட்டல் நடுவே இருக்கிறது. ஏறும் முன்பே வாடகை பேசி முடித்துவிட்டோம். இறங்கும்போது பெட்டிகளுக்குத் தனி, 'இரவு நேரத்துக்கு' தனி என்றார். மணி மாலை நாலு! சரி, தொலையட்டும் என்று தென்னாப்பிரிக்க ராண்ட் நோட்டை நீட்டினால், "இதற்கு இங்கே மதிப்புக் குறைவு" என்று இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்பட்டமான பொய். நமீபிய டாலரும் ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. கடையில் ராண்ட் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்வார்கள். மச்சான் சண்டைக்கு நின்றார். நான்தான் கொடுத்து அனுப்பினேன். வாடகைக்குப் பேசியதைவிட ஏறக்குறைய பாதி அதிகம்.

விசா சுலபம். விமான நிலையத்திலேயே 1,600 நமீபிய டாலர் கட்டினால் ஒட்டித் தருகிறார்கள். சுருட்டுப் பிரியர்கள் அதைவிடக் கவனிக்க வேண்டியது லைட்டர். சாதாரண லைட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் பல நாட்டு விமான நிலையங்களில் விடுவார்கள். நீலச் சுடர் சீறும் டார்ச் லைட்டரைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெரிய பெட்டியிலும் விடமாட்டார்கள். கிளம்பிய இடத்திலேயே என்னுடையது போய்விட்டது. மச்சான் பரிசாகக் கொடுத்தது. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

எங்கள் வேட்டைப் பண்ணை ஒட்ஜிவாரோங்கோ பக்கம். விண்ட்ஹூக்கிலிருந்து வடக்கே 250 கிலோமீட்டர் நல்ல தார்ச் சாலை, அப்புறம் சரளை. சரளையில் முன்னால் ஒரு லாரி போனால் போதும், கண்ணாடியை ஏற்றினாலும் பல்லிடுக்கில் மண் நெறநெறக்கும். பண்ணைக் கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுடுபவருக்கு ஒரு நாள் வாடகை, சுட்ட விலங்குக்குத் தனி விலை, இது நியாயம். சுடாமல் பின்னால் நடந்து வருபவருக்கும் 'பார்வையாளர்' என்று ஒரு நாள் கட்டணம் உண்டு. சாப்பாடும் படுக்கையும் அதில் அடக்கம் என்றாலும், நாளைக்கு 120 யூரோ கொடுத்து முள்ளில் நடக்க வேண்டுமா என்று எனக்கு வயிறு எரிந்தது. முதல் நாள் காலை வரைதான் எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுக்காரர் பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் அங்கே வேட்டைக்குப் போக முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் அறுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. சுருட்டைக் கண்டாலே திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஆனால் வண்டியை விட்டு இறங்கி ஒரு பாறை மேட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் காட்டை அலசும்போது, அவரே ஒரு சிகரெட்டைச் சுருட்டிப் பற்ற வைத்தார். மிருகத்துக்கு வாடை அடிக்காதா என்று கேட்டேன்.

"என் புகை எட்டும் தூரத்தில் என் வியர்வையும் எட்டும். காற்று நமக்கு எதிரே வந்தால் இரண்டும் எட்டாது. பின்னாலிருந்து வந்தால் நீங்கள் சோப்புப் போட்டுக் குளித்ததே போதும், ஓடிவிடும்."

அவருக்குப் புகை ஒரு காற்றுமானி. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் எந்த வழியாக இறங்குவது என்று முடிவு செய்தார். கீழே இறங்கியதும் சிகரெட்டை அணைத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு தடம் பார்ப்பவரின் வேலை, அதாவது மிருகத்தின் காலடியைப் பார்த்து வழி சொல்கிற ஆள். இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே முந்தின இரவு அடுப்பில் எடுத்துச் சலித்த சாம்பல். பத்தடிக்கு ஒருமுறை இரண்டு விரலால் தட்டுவார், மாவு போல ஒரு துளி மேகம் கிளம்பும், அது போகும் திசையை மூன்று பேரும் பார்ப்போம். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறினால் அதே காற்று மேலே திரும்பும். ஒன்பது மணிவாக்கில் அது திரும்பியதை அந்தச் சாம்பலில் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த நிமிடமே வழியை மாற்றி, பெரிய வட்டமடித்து நடக்க வைத்தார்கள்.

நடக்கும்போது நான் ஒரு சுருட்டுப் பிடிக்கலாமா என்றதற்கு மட்டும் கறாராக மறுத்துவிட்டார். காரணம் வாடை இல்லை, புல். ஆகஸ்டில் அங்கே இடுப்பளவு புல் காய்ந்து சருகாக நிற்கிறது. சிகரெட்டை ஐந்து நிமிடத்தில் முடித்து அணைத்துவிடலாம், ரொபஸ்டோ என்கிற குட்டையான தடித்த சுருட்டு ஒரு மணி நேரம் கனியும். நடையில் சாம்பலோடு கங்கும் உதிரும். 2025 செப்டம்பரில் எட்டோஷா தேசியப் பூங்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. பக்கத்துப் பண்ணைகளில் கரி சுட்ட இடத்திலிருந்து தீ கிளம்பியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் தீயைப் பற்றி விளையாட்டாகப் பேசவே கூடாது. வாயில் புகையும் சுருட்டோடு துப்பாக்கியைக் குறிவைக்கும் படங்கள் எல்லாம் வெறும் போஸ் என்பது என் தீர்மானமான கருத்து. புகை கண்ணில் ஏறும், இருமல் வரும், ஒரு கை எப்போதும் சும்மா இருக்காது.

மச்சான் கண் வைத்தது ஓரிக்ஸ் என்கிற பெரிய மான் மேல். நமீபிய அரசுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற அதே விலங்கு. கூட்டத்திலேயே நீளமான கொம்பைக் காட்டி "அதுதான் வேணும்" என்றார். அது பெட்டை. ஓரிக்ஸில் பெட்டைக்கும் கொம்பு உண்டு. கிடாவின் கொம்பைவிட நீளமாக, மெலிதாக இருக்கும். வழிகாட்டி தலையை ஆட்டி, கொம்பின் அடிப்பகுதி தடித்த ஒரு கிழட்டுக் கிடாவைக் காட்டினார். முக்காலி போன்ற கம்பில் துப்பாக்கியைச் சாய்த்து மச்சான் காத்திருந்த அந்தக் கால் மணி நேரம் நான் மூச்சே விடவில்லை. ஒரே குண்டு.

மறுநாள் வார்ட்ஹாக் என்கிற காட்டுப்பன்றியின் கதை வேறு. குண்டு பட்டது, புல்லில் இரண்டு சொட்டு ரத்தம், பன்றியைக் காணோம். இருட்டும் வரை தேடினார்கள். ரத்தம் சிந்தினால் முழு விலை கட்ட வேண்டும் என்பது அங்கே பொது விதி, ஒப்பந்தத்திலும் இருந்தது. நியாயமான விதிதான், இல்லாவிட்டால் கண்டபடி சுடுவார்கள். ஆனாலும் இல்லாத பன்றிக்குக் காசு எண்ணுவது கசக்கத்தான் செய்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? இறைச்சி முழுக்கப் பண்ணைக்கே சொந்தம். வேலையாட்களுக்கும் கடைக்கும் போகிறது, ஒரு துண்டு வீணாகவில்லை. முதல் நாள் ராத்திரி ஈரலை வெங்காயத்தோடு வதக்கினார்கள். அடுத்த நாள் ஓரிக்ஸின் முதுகுச்சதை, கேமல்தார்ன் மரக்கங்கில், உப்பு மட்டும் போட்டு. கொழுப்பே இல்லாத இறைச்சி. நிமிடம் தவறினால் தோலாகிவிடும். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, விரலால் அழுத்திப் பார்த்துத் திருப்பினார். எத்தனையோ ஊரில் இறைச்சி தின்றிருக்கிறேன், இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது.

அதற்குப் பிறகுதான் சுருட்டு. அந்த வறண்ட குளிரில் மரப்பெட்டியில் இருந்த சுருட்டுகளில் பாதிக்கு, வெளியே சுற்றியிருக்கும் இலை வெடித்துவிட்டது. ஜிப் பையில், ஈரப்பதத்தை 69 சதவீதத்தில் காக்கும் பொட்டலத்தோடு வைத்தவை மட்டும் மெத்தென்று இருந்தன. லைட்டர் இல்லாததால் சுருட்டுப் பெட்டிக்குள் இருந்த மெல்லிய மர ஏட்டைக் கீறி, அடுப்பில் பற்ற வைத்து, அந்தச் சுடரில் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். அந்தப் பறிபோன டார்ச் லைட்டரைவிட இதுவே மேல். வழிகாட்டிக்கு ஒன்று நீட்டினேன். பாதி பிடித்துவிட்டு, "இது உட்கார்ந்திருப்பவர்களுக்கு" என்று சொல்லித் திரும்பவும் தன் சிகரெட்டுக்கே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: கொம்பு கையோடு வராது. பதப்படுத்தி, கால்நடைத் துறைச் சான்று வாங்கிக் கப்பலில் வர மாதக்கணக்காகும், அந்தச் செலவு விலைப்பட்டியலில் இருக்காது. தடம் பார்ப்பவருக்கான அன்பளிப்பைப் பணமாக, அவர் கையிலேயே கொடுங்கள். பார்வையாளர் கட்டணத்தை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேரம் பேசுங்கள். போய் இறங்கிய பிறகு ஒரு யூரோகூடக் குறையாது.