முயல் வாங்கித் தந்த நிலம்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வின்டர்மியர் ஏரியைக் கடக்க, கார்களையும் ஏற்றிக்கொள்ளும் வடம் கட்டிய படகு ஒன்று இருக்கிறது. அக்கரையில் இறங்கி நியர் சாரி கிராமத்துக்கு ஏற்றத்தில் நடந்தேன். தூறல் விடவில்லை. அந்த ஊரில் தூறாவிட்டால்தான் அதிசயம்.

குழந்தைகள் கதையில் வரும் பீட்டர் முயலைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஹில் டாப் வீடு இங்கேதான். சின்ன வீடு என்பதால் டிக்கெட்டிலேயே நேரம் போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அவர் படங்களில் வரும் மாடிப்படியும் பாத்திர அலமாரியும் அப்படியே இருக்கின்றன.

1866-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897-இல் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியலாளர்கள் அமைப்பில் வாசிக்கப்பட்டபோது, பெண் என்பதால் அவருக்கே அங்கே இடமில்லை. முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். சரி என்று 1901-இல் கைக்காசு போட்டு 250 பிரதிகள் அச்சடித்தார். அடுத்த ஆண்டே வார்ன் நிறுவனம் வண்ணத்தில் வெளியிட்டது. அப்புறம் அவருக்குப் பணத்துக்குக் குறையே இல்லை.

1905-இல் பதிப்பாளர் நார்மன் வார்ன் பெண் கேட்டார். வியாபாரி என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள். அவர்கள் குடும்பச் சொத்தே துணி அச்சு வியாபாரத்தில் வந்தது! ஒரே மாதத்தில் நார்மன் இறந்துபோனார். அந்த ஆண்டே புத்தக வருமானத்தோடு அத்தை விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து பியாட்ரிக்ஸ் இந்த ஹில் டாப் பண்ணையை வாங்கினார். 1913-இல் உள்ளூர் வக்கீல் வில்லியம் ஹீலிஸைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு எழுத்து குறைந்தது, ஆடுகள் பெருகின.

எனக்கு முயலைவிட அந்த ஆட்டுக்காரம்மாவைத்தான் பிடித்துப்போனது. ஹெர்ட்விக் என்று அந்த மலைக்கே உரிய ஆட்டினம். குட்டி கறுப்பாகப் பிறக்கும், வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகும், முகம் வெளுக்கும். அந்த இனம் அழியாமல் காக்க முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். கண்காட்சிகளில் பரிசும் வாங்கியிருக்கிறார். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் 14 பண்ணைகளையும், இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார்.

மறுநாள் டார்ன் ஹௌஸ் போனேன். கூட்டம் அள்ளும் ஏரி. அதைச் சுற்றியிருந்த மங்க் கோனிஸ்டன் எஸ்டேட்டை 1930-இல் வாங்கியதும் இவர்தான். பாதியை வாங்கிய விலைக்கே டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்.