சிட்டு இல்லாத 23 நாட்கள்

பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. விடிகாலையில் தீவன வாளியோடு போனபோது என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சங்கிலியும் பூட்டும் அப்படியே தொங்க, கம்பிக் கதவை மறுபக்கம் கீலிலிருந்து மேலே தூக்கிக் கழற்றி, ஒரு குதிரை நுழைகிற அளவுக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். உள்ளே என் இரண்டு குதிரைகளில் பெரியவன் மட்டும் வேலி ஓரமாக முன்னும் பின்னும் நடந்து நடந்து புல்லையெல்லாம் புழுதியாக்கியிருந்தான். சிட்டு இல்லை.

நடுச்சாமத்தில் பெரியவன் கனைத்தது எனக்குக் கேட்டது. நரி ஏதாவது ஓடியிருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பதற்றத்தில் அந்த இடைவெளி வழியாக ஓடப் போனேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்துத் தோட்டத்துத் தாத்தாதான், "நில்லும்மா, தடத்தை மிதிச்சிடாதே" என்று தடுத்தார். அவர் சொன்னபடி ஓரமாகவே நடந்து பார்த்தோம். ஈர மண்ணில் சிட்டுவின் தடம் தெளிவாக இருந்தது. முன்னங்கால்களுக்கு மட்டும்தான் அவளுக்கு லாடம், பின்னங்கால்கள் வெறும் குளம்பு. அதற்கு இடப்பக்கமாகவே ஒரு பூட்ஸ் தடம் கூடவே போயிருந்தது. குதிரையைப் பிடித்து நடத்துகிறவர்கள் இடப்பக்கம்தான் நிற்பார்கள். எங்கேயும் சறுக்கலோ இழுபறியோ இல்லை. வழியில் நாலைந்து ஓட்ஸ் மணிகள் சிந்திக் கிடந்தன. குதிரையோடு பழகிய ஆள்தான் கூட்டிப் போயிருக்கிறான் என்று அப்போதே புரிந்துவிட்டது. தடம் சாலையோரம் வரை போய், இரட்டை டயர் பதிந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தோம். தூறல் போட்டதால் நல்ல தடங்களின் மேல் வாளிகளைக் கவிழ்த்து வைத்தோம். பின்னால் காவலர்கள் வந்து அச்சு எடுத்தது அந்த வாளிகளுக்கு அடியில் இருந்துதான்.

காவல் நிலையத்தில் புகாரை எழுதியவர், "பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று" என்று முடித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு சாலையில் எந்த வண்டியை நிறுத்தினாலும், உள்ளே இருப்பது சிட்டுதான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. "கொஞ்சம் பொறுங்கள், நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். குதிரை காணாமல் போனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்கே இருக்கிறாள் என்று தேடுவது ஒரு பாதி வேலை. கிடைத்தவள் அவள்தான் என்று நிரூபிப்பது மறுபாதி. அந்த மறுபாதிக்கான ஆதாரம் திருட்டுக்கு முன்பே நம் கையில் இருக்க வேண்டும்.

என்னென்ன சொன்னேன் என்றால், நெற்றியில் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைச் சுட்டி. அதன் வலது ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுழிகள். இடது பின்னங்காலில் குளம்புக்கு மேல் நாலு விரல் வெள்ளை. அப்புறம் முன்னங்கால் முட்டிக்கு மேலே உட்பக்கம் இருக்குமே கொம்பு மாதிரியான காய்ப்பு, அதன் படங்கள். நம் கைரேகை மாதிரி அதன் வடிவம் குதிரைக்குக் குதிரை மாறும். ரோமத்துக்குச் சாயம் பூசலாம், பிடரியை வெட்டலாம், சுழியை மாற்ற முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, லாடம் மாற்றும்போதெல்லாம் படம் எடுத்து வைக்கிற பழக்கத்தால்தான்.

கடைசியாக மைக்ரோசிப் எண். கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே உள்ள தசைநாரில் அரிசி மணியளவு சிப். அதில் 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கும். அதுவாக எங்கே இருக்கிறேன் என்று சொல்லாது, யாராவது கருவியை வைத்துப் படித்தால்தான் உண்டு. பலர் இதை ஜிபிஎஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, சிப்தான் இருக்கிறதே என்று, எந்த எண் யாருடைய குதிரை என்று குறித்து வைக்கும் பதிவேட்டுக்குப் போன் செய்தால், அங்கே இருந்தது நான் வாங்குவதற்கு முந்தைய உரிமையாளரின் பெயர். மூன்று வருடமாகப் பெயர் மாற்றம் செய்யாமல் விட்டிருந்தேன். கை நடுங்கிப் போய்விட்டது. வேறொருவர் பெயரில் இருக்கும் குதிரையைத் திருட்டுப் போனதாக நான் குறிக்கச் சொன்னால் அவர்கள் எப்படிச் செய்வார்கள்? நல்ல வேளையாக அந்த அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அழுதுவிட்டார். அன்று மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விற்பனை ரசீது, தடுப்பூசி அட்டை, புகார் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த பிறகு, மாலையில் அந்த எண்ணுக்கு நேரே "திருடப்பட்டது" என்று குறித்தார்கள். அந்த ஒரு குறிப்புக்காக ஒரு முழு நாள் போய்விட்டது. திருடனுக்கு முதல் நாள் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாளிலிருந்து போன்தான். கால்நடை மருத்துவர்கள், லாடம் அடிப்பவர்கள், குதிரை ஏற்றிப் போகும் வண்டிக்காரர்கள், ஏல இடங்கள் என்று ஒருவரையும் விடவில்லை. இறைச்சிக்கூடங்களையும் கூப்பிட்டேன். அந்த எண்களை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். ஆனால் கூப்பிடாமல் இருக்க முடியாது. திருட்டுக் குதிரை வேகமாகப் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

குதிரையைக் காணோம் என்ற விளம்பரத் தாளில் எல்லா அடையாளங்களையும் போட வேண்டாம், ஒன்றை மறைத்து வையுங்கள் என்று விசாரணை அதிகாரி சொன்னார். காதுக்குள் இருக்கும் சிறு தழும்பை மட்டும் போடாமல் விட்டேன். ஒன்பதாம் நாள் ஒருவன் கூப்பிட்டு, குதிரை தன்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பினால் இடம் சொல்கிறேன் என்றான். மனசு அவனை நம்பத்தான் துடித்தது. "வலது காதுக்குள் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். போனை வைத்துவிட்டான். அந்த எண்ணைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன்.

அப்புறம் நடுவில் பல நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. பெரியவன் சரியாகத் தின்னவில்லை.

23ஆம் நாள் வெகு தொலைவிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர் கூப்பிட்டார். புதிதாக வாங்கிய குதிரை மெலிந்திருக்கிறது என்று அவரை அழைத்திருக்கிறார்கள். வழக்கம்போலச் சிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் காட்டவில்லை. இரும்பு வளையம் கோத்த தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கருவியை மறுபடி நகர்த்தியபோது எண் வந்திருக்கிறது. பிடரி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. நெற்றியில் சுட்டியே இல்லை. ஆனால் ரோமத்தை விலக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக முளைத்துக்கொண்டிருந்தது என்றார். "சுழி எத்தனை?" என்று கேட்டேன். "இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று" என்றார். என்னால் பேச முடியவில்லை.

உடனே வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும் போலத்தான் இருந்தது. போகவில்லை. தனியாகப் போய்த் தகராறு ஆனால் குதிரை இரவோடு இரவாக இடம் மாறிவிடும். காவலர்களும் அந்த மருத்துவரும் முன்னால் போக, நான் பின்னால் போனேன். வாங்கியவர்கள் காகிதம் எதுவும் கேட்காமல் மகளுக்காக வாங்கியிருந்தார்கள். அந்தச் சிறுமி சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கிடைத்ததும் நேரே பெரியவனிடம் விட்டுவிடக் கூடாது. எத்தனை குதிரைகளோடு, எந்த வண்டியில் நின்றாளோ யாருக்குத் தெரியும்? தாடைக்கு அடியில் கட்டி வீங்கிச் சீழ் பிடிக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற தொற்று, வெளியே தெரியவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மருத்துவர் சொல்படி 21 நாள் தனிக் கொட்டில், தனி வாளி, தனித் தூரிகை, காலை மாலை காய்ச்சல் பார்த்துக் குறிப்பது. 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொன்னார். விலா எலும்பு தெரிய இளைத்திருந்தாலும் தானியம் வைக்கவில்லை. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று தானியம் கொடுத்தால் அது உயிருக்கே ஆபத்து. குதிரைமசால் என்ற தீவனப் பயிரை உலர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு வேளை வைத்தோம்.

கதவின் மேல் கீலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிட்டேன். இப்போது தூக்கினாலும் வராது. பதிவேட்டில் என் பெயரும் என் போன் எண்ணும் இருக்கின்றன.

சிட்டு இன்னும் வண்டியைப் பார்த்தால் நடுங்குகிறாள். தினமும் காலைத் தீவனத்தை நிறுத்தி வைத்த வண்டியின் சாய்பலகை ஓரத்தில்தான் வைக்கிறேன். கயிறு கட்டுவதில்லை, இழுப்பதுமில்லை. நேற்று முன்னங்கால் இரண்டையும் பலகை மேல் வைத்து, வாளியைக் காலி செய்துவிட்டு, மெதுவாகப் பின்வாங்கி இறங்கினாள்.