இடக்கைக்கு ஒரு சீவுகத்தி

அக்டோபர் 12, 2025

இன்று ஒரு பர்ஸ் வீணாகிவிட்டது. மடக்குவதற்காக ஓரத்தைச் சீவிக்கொண்டு வரும்போது, கடைசி இரண்டு அங்குலத்தில் கத்தி கீழே இறங்கி மேல்தோலையும் அறுத்துவிட்டது. மரப்பட்டையில் பதனிட்ட நல்ல மாட்டுத்தோல், சென்னை பெரியமேட்டிலிருந்து வரவழைத்தது. ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை.

தோல்வேலை பழகாதவர்களுக்காக எழுதுகிறேன். 1.4 மி.மீ. தோலை அப்படியே மடித்தால் ஓரம் 2.8 மி.மீ. ஆகிவிடும். உள்ளே கார்டு வைக்கும் துண்டும் சேர்ந்தால் நாலைத் தாண்டும். ஊசி கோணும், பர்ஸ் மூடாமல் விறைத்து நிற்கும். அதனால் ஓரத்தில் ஒரு விரலகலத்துக்கு உள்பக்கத்தைச் சரிவாகச் சீவி 0.6 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலைக்கு ஸ்கைவிங் என்று பெயர்.

நான் இடக்கைக்காரி. சீவுகத்தியின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் மட்டும் சரிவு. வாயும் சாய்வாக வெட்டியிருக்கும். தட்டைப் பக்கம் தோல்மேல் படிய வேண்டும், சரிவு மேலே தெரிய வேண்டும். வலக்கைக்குச் செய்த கத்தியை நான் பிடித்தால் சாய்வு எதிர்ப்பக்கம் போகும். சாய்வுக்காகத் திருப்பினால் சரிவு அடியில் வந்துவிடும். ஒன்று கத்தி தோலை விட்டு எழும், அல்லது உள்ளே குத்தும். ஆறு வருடமாக மணிக்கட்டை முறுக்கிச் சமாளித்துவிட்டேன். இனி முடியாது.

அக்டோபர் 15

இங்கே குமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கொல்லாசாரி இருக்கிறார் என்று ரப்பர் வெட்டும் அண்ணன் சொன்னார். காலையில் முதல் பஸ்சில் போனேன். ஓலைச்சாய்ப்பு, துருத்தி இருந்த இடத்தில் இப்போது சின்ன மின்விசிறி, பக்கத்தில் ஒரு சாக்கு சிரட்டைக்கரி. வெட்டோத்தி (வெட்டரிவாள்), மண்வெட்டி, ரப்பர் வெட்டுகத்தி, பாளை அரிவாள் எல்லாம் அடிக்கிறார். எழுபதுக்கு மேல் இருக்கும். பாட்டா என்றுதான் கூப்பிட வந்தது.

தாளில் வரைந்துகொண்டு போனதைப் பார்த்தார், புரியவில்லை. "நீ செய்யதக் காட்டு மக்ளே, பாக்கட்டு" என்றார். பையிலிருந்த தோல்துண்டை அவருடைய மரக்கட்டையில் வைத்து, பழைய கத்தியால் சீவிக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ரப்பர் வெட்டுத மாதிரில்லா. பட்டைய மட்டும் சீவணும், தடியில படப்பிடாது."

நான் அரைமணி நேரம் விளக்க நினைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பால்வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் மெல்லிய இழையாகத்தான் பட்டையை எடுப்பார். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியைத் தொட்டால் அந்த இடத்தில் மரம் காயப்பட்டு முண்டுமுண்டாகிவிடும். எனக்குத் தடி இருக்கும் இடத்தில் மேல்தோல்.

அக்டோபர் 19

கத்தி வந்தது, வலக்கைக்கு. தாளை மறுபக்கம் திருப்பி வைத்து அளவெடுத்திருக்கிறார். தப்பு என்னுடையது. எது மேல்பக்கம் என்று தாளில் நான் எழுதவே இல்லை.

இரும்பும் சரியில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்திருந்தார். அதில் கார்பன் 0.6 சதவீதம் அளவில்தான் இருக்கும். வெட்டோத்திக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாது, தென்னமட்டையில் ஓங்கிப் போட்டாலும் வாய் தெறிக்காது. நான் கேட்பது சவரக்கத்தி மாதிரி மெல்லிய வாய். ஒரு ஓரம் சீவி முடிப்பதற்குள் மழுங்குகிறது.

அவரும் ஒத்துக்கொண்டார். "அரத்துல அடிச்சாத்தான் நிக்கும். உன்கிட்ட பழைய அரம் உண்டுமா?"

வடசேரியில் பழைய இரும்புக்கடையில் மூன்று அரம் வாங்கினேன். நல்ல அரத்தில் கார்பன் 1.2 சதவீதம் வரை உண்டு, அதனால் வாய் நிற்கும். வீட்டில் அயனிப் பலகைத் துண்டில் கத்தியின் உருவத்தையே செதுக்கினேன். நீளம் 18 செ.மீ., அகலம் 25 மி.மீ., சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சிவப்புப் பெயின்ட். இனி யார் எப்படித் திருப்பினாலும் மாறாது.

அக்டோபர் 24

உடைந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அரத்தை முதலில் செக்கச்செவேலென்று காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட்டிருந்தார். அப்போதுதான் இரும்பு இளகும், அடிக்கவும் ராவவும் முடியும். அடித்து, வாய் எடுத்து, மறுபடி காய்ச்சி, இரும்பு இறுகுவதற்காகத் தண்ணீரில் தோய்த்தார். 'டிங்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

இரண்டு காரணம் என்று எனக்குப் படுகிறது. தண்ணீர் சூட்டை மிக வேகமாக இழுத்துவிடுகிறது. மெல்லிய வாய் முந்தி ஆறும், தடித்த முதுகு பிந்தி ஆறும், இடையில் இரும்பு பிளக்கிறது. இன்னொன்று, முதுகில் அரத்தின் பழைய பல்வரிசை முழுக்கப் போகவில்லை. கோடு ஆரம்பித்ததே ஒரு பல்லின் பள்ளத்திலிருந்துதான்.

பாட்டா அன்று அதிகம் பேசவில்லை. காசும் வாங்கவில்லை.

நவம்பர் 1

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் (1956), உள்ளூர் விடுமுறை. பாட்டாவுக்கு விடுமுறை கிடையாது. சாயங்காலம் வரச் சொன்னார். வெளிச்சம் குறைந்தால்தான் இரும்பின் நிறம் சரியாகத் தெரியுமாம்.

இந்த முறை பல்லெல்லாம் சாணையில் போக்கியாயிற்று. நான் கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தேன். இரும்பு 770 டிகிரி வாக்கில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்குமேல் கொஞ்சம் காய்ச்சினால் தோய்ச்சலுக்கான பதம். நான் சொன்னதைப் பாட்டா மறுக்காமல் கேட்டார். ஆனால் அவர் தன் கண்ணால் பார்த்து "இப்பம் வச்சுப் பாரு" என்றபோது காந்தம் ஒட்டவில்லை. மறுபடி ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, மறுபடி "இப்பம்". அப்போதும் ஒட்டவில்லை. மூன்றாம் தடவை காந்தத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய், இளஞ்சூட்டில், ஒரு பெயின்ட் டப்பா நிறைய. கத்தி செங்குத்தாக இறங்கியது. புகை எழுந்தது, கொஞ்சம் தீயும் பிடித்தது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் வரவில்லை. ஆறியதும் இன்னொரு அரத்தை வைத்து வாயில் தேய்த்தார். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "ஏறிட்டு" என்றார்.

இந்த நிலையில் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தேன். எண்ணெய் போகக் கழுவி, கேக் செய்யும் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். வெளியே எடுத்தபோது வைக்கோல் நிறம் ஓடியிருந்தது. விறைப்பு கொஞ்சம் தணிந்திருக்கும், வாய் நிற்கும்.

நவம்பர் 4

உலையில் அடித்து ராவியது எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் நேர் கிடையாது. தட்டைப் பக்கம் முழுவதும் மார்க்கர் பேனாவால் தீட்டி, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தேன். நடுவில் மட்டும் மை அழிந்தது, ஓரமெல்லாம் அப்படியே. அதாவது வயிறு தள்ளியிருக்கிறது. 220 நம்பர் தாளில் இரண்டு சாயங்காலம் போயிற்று, அப்புறம் 400, 800, 1500. மின்சாணையில் வைத்தால் பத்து நிமிடத்தில் முடியும், ஆனால் வாய் நீலம் பாரித்துவிட்டால் தோய்ச்சல் போயே போய்விடும். இன்றைக்கு விரல்நுனியெல்லாம் எரிகிறது. கத்திமேல் மூஞ்சி தெரிகிறது.

சரிவை 18 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். தேய்க்கும்போது வாயோரம் எழும் பிசிர் நன்றாகக் கையில் தட்டுப்படுகிறது.

நவம்பர் 6

தோல் வார்ப்பட்டையில் பச்சை மெழுகு தடவித் தீட்டியும் பிசிர் முழுக்கப் போகவில்லை. பாட்டாவிடம் கொண்டுபோனேன். அவர் மூலையில் சாத்தியிருந்த ஒரு பலகையை எடுத்தார். அவருடைய அப்பா பனையேறி. பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவதற்கு வைத்திருந்த பலகையாம், நடுவில் படகு மாதிரி குழிந்து கிடந்தது. வெங்கச்சங்கல்லை (வெள்ளைப் படிகக்கல்லை) இடித்துச் சலித்த பொடியை அதில் தூவினார்.

பனையேறி நாளுக்கு இரண்டு மூன்று தடவை பாளையை வெற்றிலை கனத்துக்குச் சீவுவார். வாய் மழுங்கினால் பாளை நசுங்கும், பதநீர் நின்றுபோகும். அப்படிப்பட்ட கத்திக்கான தீட்டுமுறை என் வீட்டிலிருந்து ஏழெட்டு மைலில் இருக்கும்போது நான் பச்சை மெழுகைத் தபாலில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

குழியில்லாத நுனிப்பகுதியாகப் பார்த்து, வாய் பின்னால் வரும்படி இழுத்தார். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. "கைமயிர்ல வச்சுப் பாரு" என்றார். வைக்கும்போதே உதிர்ந்தது.

காசு கேட்டபோது இரண்டு கத்திக்கும் சேர்த்து 400 என்றார். உடைந்ததற்கு அவர் வாங்கமாட்டார் என்று தெரியும், அதனால் அரம் தோய்த்த எண்ணெய்க்கு என்று சொல்லி 200 கூட வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 9

பிடிக்குத் தோல்வாரைச் சுற்றி ஒட்டினேன். மயிலாடியிலிருந்து முன்பு வாங்கிவந்த மெருகேற்றிய கல்பலகையில் தோலை விரித்து, இடக்கையால் சும்மா தள்ளினேன். இழை சுருண்டு சுருண்டு ஒரே துண்டாக வந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு. மணிக்கட்டு நேராக இருந்தது. அது எனக்கே புதுசாக இருந்ததால் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டேன். நாலு ஓரம் முடிந்த பிறகும் தீட்ட வேண்டியிருக்கவில்லை.

ஈரக்காலம், இரும்பு ஒரு ராத்திரியில் செம்பழுப்பாகிவிடும். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தேன்.

சனிக்கிழமைதோறும் வேலை பழக வரும் பிள்ளை வலக்கைக்காரி. லாரிப் பட்டையில் அடித்த முதல் கத்தியை அவளிடம் கொடுத்திருந்தேன். "ஒரு ஓரத்துக்கு ஒருக்கா தீட்டணும் அக்கா" என்கிறாள். மூன்றாவது அரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குப் பாட்டாவிடம் கொண்டுபோகிறேன், பெயின்ட் அடிக்க வேண்டியது மறுபக்கத்தில்.